மாலத்தீவில் அறைக்கு வெளியே இருக்கும் நாடு

ஜனவரி கடைசியில் நீங்கள் குடும்பமாக நாலு பேர் ஆறு நாள் மாலத்தீவு போகிறீர்கள். நீலக் கடலும் வெள்ளை மணலும் தண்ணீர் மேல் நிற்கும் அறையும் படத்தில் பார்த்தாயிற்று, இவற்றைத் தாண்டி அந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. நான் தூத்துக்குடிக்காரன். அந்த நாட்டின் தலைநகரான மாலேயில் காய்கறி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் கணக்கு பார்த்தேன். வேலை நிமித்தமாகவும் ஆசைக்காகவும் பல தீவுகள் சுற்றியிருக்கிறேன். நம்மூர்க்காரர்கள் பலர் அங்கே நாலு நாளும் ஒரே ரிசார்ட்டில் இருந்துவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரோடுகூட உட்கார்ந்து தேநீர் குடிக்காமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். சுமார் 1,190 தீவுகள். அத்தனையின் நிலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. ஆனால் வடக்கு நுனியிலிருந்து தெற்கு நுனி வரை 870 கிலோமீட்டர் நீளம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவதைவிட அதிக தூரம். அந்த நாட்டில் கடல்தான் எல்லாம். நிலம் அங்கங்கே தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். மக்கள் குடியிருக்கும் தீவுகள் 200-க்கும் குறைவு. ரிசார்ட் தீவுகள் தனி. மீதியெல்லாம் தென்னையும் புதரும் பறவைகளும்.

விமானம் இறங்கும்போது ஜன்னல் ஓர இருக்கை வாங்கிக்கொள்ளுங்கள். கீழே தெரியும் பச்சை வளையங்களுக்கு அங்கே 'அதொளு' என்று பெயர். ஆங்கிலத்தில் அட்டோல் என்று உலகம் முழுக்கப் புவியியல் பாடத்தில் வரும் சொல் இவர்களுடைய திவேகி மொழியிலிருந்து போனதுதான். ஒரு காலத்தில் கடலுக்குள் எரிமலைகள் இருந்தன. அவை மெல்ல மெல்ல அமிழ, அவற்றின் ஓரத்தில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. மலை மறைந்துவிட்டது, வளையம் மிஞ்சியது. அதனால்தான் அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர். இயற்கையாக அமைந்த நிலத்தில் எங்கே நின்றாலும் ஓர் ஆள் கை தூக்கி நிற்கும் உயரத்துக்கு மேல் இல்லை.

அப்புறம் அந்த மணல். நம் கடற்கரை மணல் பெரும்பாலும் ஆறுகள் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தது. ஆறே இல்லாத நாட்டில் மணல் எங்கிருந்து வந்தது? கிளிமீன் தருகிறது. கிளி மூக்கு மாதிரி வாயுள்ள அந்த மீன், செத்த பவளத்தின் மேல் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும்போது கல்லையும் சேர்த்துக் கடித்து விழுங்குகிறது. வயிற்றுக்குள் அரைபட்டு வெளியே வருவது வெள்ளை மணல். ஸ்நார்கல் என்ற மூச்சுக்குழாயைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் வைத்து அசையாமல் இருந்தால், கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். கொஞ்ச நேரம் பின்தொடர்ந்தால் வாலுக்குப் பின்னால் வெண்மையாக ஒரு புகை இறங்குவதையும் பார்க்கலாம். மாலத்தீவுக் கரைகளில் புதிதாகச் சேரும் மணலில் பெரும்பங்கு இப்படி வருவதுதான். நீங்கள் படுத்திருக்கும் கரை அந்த மீன்களின் உழைப்பு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பள்ளியில் படித்ததைவிட நன்றாக மனதில் நிற்கும்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு பழையது. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்' அவன் வென்றதாக வருகிறது. அது மாலத்தீவைத்தான் சொல்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். தீவுகள் உண்மையில் 12,000 இல்லை. ஆனாலும் மாலத்தீவு சுல்தான்களும் தங்களைப் 'பன்னீராயிரம் தீவுகளின் தலைவன்' என்றே பட்டம் சூட்டிக்கொண்டார்கள். தஞ்சாவூர்க் கல்வெட்டிலும் மாலே அரண்மனையிலும் ஒரே எண் இருந்திருக்கிறது என்று அறிந்த நாளில் எனக்குப் புல்லரித்தது.

படகுக்கு அங்கே 'தோனி'. எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நிற்பது தோணி. அந்தத் தோணிகள் இன்றைக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு மாலே போகின்றன. 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவுக்குச் சரக்குக் கப்பலும் விட்டார்கள். தேங்காயும் மீனும் தவிரக் கிட்டத்தட்ட எல்லாமே அங்கே வெளியிலிருந்துதான் வர வேண்டும். ரிசார்ட் சாப்பாட்டில் தக்காளி ஏன் இவ்வளவு விலை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருந்தது. அதன் பில்லை நான்தான் போட்டேன்.

இன்னொன்று. இளநீருக்கு அவர்கள் சொல்வது 'குரும்பா'. நம் குரும்பையேதான். 1972-இல் அந்த நாட்டின் முதல் ரிசார்ட் திறந்தபோது அதற்கு வைத்த பெயரும் குரும்பா. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்து பார்த்த ஐ.நா. குழு ஒன்று, வங்கி இல்லை, சரியான விமான நிலையம் இல்லை, இந்தத் தீவுகளுக்குச் சுற்றுலா சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு சிறு குழுவும் உள்ளூர் இளைஞர்கள் சிலரும் அதைக் கேட்காமல் ஆரம்பித்ததுதான் இன்று நாட்டுக்கே சோறு போடுகிறது.

நட்சத்திரக் கணக்கைச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் என்னை அந்த மக்களோடு நெருக்கமாக்கியது அதுதான். நாம் சித்திரை முடிவில் கத்திரி வெயில் என்று கணக்கு வைக்கிறோமே, சூரியன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி அவர்கள் வருடம் முழுவதையும் 27 'நக்கை'யாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். எந்த நக்கையில் கடல் கொந்தளிக்கும், எதில் மீன் படும், எதில் விதைக்கலாம் என்று கிழவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். பெயர்களைக் கேளுங்கள்: அஸ்ஸித, புருனு, கெத்தி, ரோனு. நம் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. மூலம் 'முல', ரேவதி 'ரேவ'. நாடு 1153-இல் இஸ்லாத்துக்கு மாறியது. அதற்கு முன் பௌத்தம். ஆனால் கடலுக்குப் போகிறவனுக்கு வானம் மாறவில்லை, கணக்கும் அப்படியே நின்றுவிட்டது. முல தொடங்கும் டிசம்பரிலிருந்து 'இருவை' என்ற வடகிழக்குக் காற்றுக்காலம்: கடல் அமைதி, வானம் தெளிவு. அஸ்ஸித தொடங்கும் ஏப்ரலிலிருந்து 'ஹுளங்கு' என்ற தென்மேற்குக் காற்றும் மழையும். நீங்கள் போகும் ஜனவரி பிற்பாதி 'ஹுவன்', அதாவது நம் திருவோணம். நல்ல காலம்தான்.

பழைய காலத்தில் மாலத்தீவு உலகத்துக்குக் கொடுத்தது இரண்டு: சோழியும் மாசியும். நாம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் எடுக்கும் அந்தச் சோழிதான் வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நூற்றாண்டுக் கணக்கில் காசாகப் புழங்கியது. அந்தச் சோழியில் பெரும்பகுதி இந்தத் தீவுகளின் ஆழமில்லாத தண்ணீரில் பொறுக்கியது. மண்ணில் புதைத்து உள்ளிருக்கும் சதை அழுகியபின் கழுவிக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களை விலைக்கு வாங்கின என்பது அந்தக் கதையின் கொடுமையான பகுதி. 1343-இல் வந்து இங்கேயே காஜியாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்த மொராக்கோ பயணி இபின் பதூதாவும் சோழியைப் பற்றியும் உலர்ந்த மீனைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த உலர்ந்த மீன்தான் மாசி. மீனுக்கு அவர்கள் மொழியில் 'மஸ்'. சூரை மீனைத் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் காயவைத்தால் கருங்காலிக் கட்டை மாதிரி ஆகிவிடும். இரண்டு துண்டைத் தட்டினால் மரச்சத்தம் வரும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சம்பலில் இடித்துப் போடுவது இதைத்தான். எங்கள் பக்கத்திலும் மாசிக்குத் தனி மரியாதை உண்டு. மீன் பிடிக்கும் விதம் அதைவிட அழகு. சூரைக்கு வலை கிடையாது, தூண்டில் மட்டும். உயிருள்ள சின்ன மீன்களை அள்ளி வீசி, பின்னாலிருந்து தண்ணீரைத் தெளித்துக் கடலைக் குழப்புவார்கள். சூரைக் கூட்டம் வெறிபிடித்து மேலே வரும். படகின் பின்புறம் வரிசையாக நிற்கும் ஆட்கள் தடியை ஒரு சுண்டு சுண்டினால் மீன் தலைக்கு மேல் பறந்து பின்னால் பலகையில் விழும். கொக்கியில் முள் இல்லாததால் தானே கழன்றுவிடும், கையால் தொடவே வேண்டாம். நான் ஒரு நாள் கூடப் போனேன். அரை மணி நேரத்தில் தளம் முழுக்க வெள்ளி துடித்தது.

எழுத்தையும் கவனியுங்கள். 'தானா' என்று பெயர், வலமிருந்து இடமாகப் போகும். முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்கள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. அடுத்த ஒன்பது அவர்களுடைய பழைய எண்களிலிருந்து வந்தவை. எண்ணையே எழுத்தாக்கிய மொழி வேறு எங்கே இருக்கிறது! மொழி மட்டும் சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. நம் இலட்சத்தீவின் மினிக்காயிலும் இதே மொழிதான் பேசுகிறார்கள்.

மாலேயில் ஒரு அரை நாளாவது செலவிடுங்கள். நெரிசலான ஊர்தான், இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் அடுக்குமாடிகளும் ஸ்கூட்டர்களும். ஆனால் 1658-இல் கட்டிய ஹுகுரு மிஸ்கீ என்ற பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. சுவர் முழுவதும் பவளக்கல். பவளத்தைக் கடலிலிருந்து எடுத்தவுடன் ஈரமாக இருக்கும்போது மென்மையாக இருக்கும், செதுக்கலாம். காற்றுப் பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும். சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். பூவேலைப்பாட்டின் ஓரத்தில் பவளத்தின் சின்னச் சின்னத் துளைகள் கண்ணுக்குத் தெரியும். வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும். அங்கிருந்து மீன் சந்தை நடை தூரம். மாலையில் படகுகள் வந்து சேரும் நேரம் போனால் முழுச் சூரையை ஆள்கள் கண் மூடித் திறப்பதற்குள் தோலுரித்துத் துண்டு போடுவதைப் பார்க்கலாம்.

சரி, ரிசார்ட்டா ஊர்த்தீவா என்ற கேள்விக்கு வருகிறேன். என் கருத்து: இரண்டு இரவு ரிசார்ட், மூன்று இரவு ஊர்த்தீவு. 2009 வாக்கில்தான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த வழி திறந்தார்கள். அதுவரை வெளிநாட்டவர் ஒரு பக்கம், ஊர் மக்கள் ஒரு பக்கம். மாஃபுஷி முதலில் பெயர் வாங்கியது, இப்போது கூட்டம் அதிகம். உங்களுக்கு நான் சொல்வது தெற்கு ஆரி அதொளுவில் இருக்கும் திகுரா. மெலிந்து நீண்ட தீவு, ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் நடக்க நடக்கத் தீராத கரை. முக்கியமாக, அந்தப் பகுதிக் கடலில் திமிங்கலச் சுறா வருடம் முழுக்க உலவுகிறது. 2009-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். பேருந்து நீளத்துக்கு வளரக்கூடிய சாது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சின்ன மீன்களையும்தான் தின்னும். ஒரே நாளில் கண்ணில் படும் என்று உறுதி இல்லை, அதனால் மூன்று இரவு என்கிறேன். 2010-இல் நாடு முழுவதும் சுறா வேட்டையையே தடை செய்துவிட்டார்கள். அதன் பலனைக் கரையோரம் முழங்கால் தண்ணீரில் சுற்றும் சுறாக்குட்டிகளில் பார்க்கலாம். அவை பொதுவாகக் கடிக்காது, கையை மட்டும் நீட்ட வேண்டாம்.

பா அதொளுவின் ஹனிஃபாரு விரிகுடாவில் கொம்புத் திருக்கைகள் நூற்றுக்கணக்கில் வட்டமடிக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஜூன் முதல் நவம்பர் வரை, தென்மேற்குக் காற்றில் நடப்பது. ஜனவரியில் அதற்கென்று பணம் கட்டாதீர்கள். அதேபோல் இரவில் நீலமாக ஒளிரும் கரையும். உண்மைதான், கடலில் உள்ள நுண்ணுயிர்கள் அலை மோதும்போது ஒளி விடுகின்றன. ஆனால் எந்தத் தீவில் எந்த இரவில் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஆறு வருடத்தில் இரண்டு முறை பார்த்தேன், இரண்டும் எதிர்பாராத இடத்தில்.

போக்குவரத்தில் ஒரு எச்சரிக்கை. நீர்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். என் அக்கா குடும்பம் வந்தபோது அவர்கள் விமானம் தாமதமாகி மாலை ஐந்தரைக்கு இறங்கியது. கடைசி நீர்விமானம் போய்விட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் தனியாக அறை எடுத்துத் தங்கினார்கள், ரிசார்ட்டில் கட்டிய அந்த இரவுப் பணமும் போயிற்று. ஆகவே மத்தியானத்துக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள். திகுராவுக்கு வேகப்படகு போகிறது. வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை, பல படகுகள் ஓடாது. அதையும் பார்த்துத் திட்டமிடுங்கள்.

விசா இறங்கும் இடத்திலேயே இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அவர்கள் குடிவரவுத் துறைத் தளத்தில் விவரம் பதிய வேண்டும், திரும்பும்போதும்கூட. செலவில் மறைந்திருப்பது வரிதான். 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், 50 அறை வரையுள்ள விருந்தினர் இல்லத்தில் 6 டாலர். அதற்கு மேல் சுற்றுலா விற்பனை வரி 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இவை இன்னும் சேரவில்லை என்று பொருள். சிறிய கடைகளுக்கு அந்நாட்டுப் பணமான ரூஃபியாவும் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மது ரிசார்ட்டில் உண்டு, ஊர்த்தீவில் சட்டப்படி கிடையாது. நம் விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலையும் சுங்கத்தில் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் தருவார்கள். அம்மாக்கள் பெட்டியில் சின்னப் பிள்ளையார் வைத்துவிடுவது நம் வழக்கம். வழிபாட்டுச் சிலைகள் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது, வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஊர்த்தீவில் நீச்சல் உடைக்கென்று தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள். தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். சிப்பி, பவளம், மணல் எதையும் எடுத்து வர அனுமதி இல்லை. ஸ்நார்கல் போகும்போது நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள், பவளத்தின் மேல் காலை வைக்காதீர்கள். பவளத்திட்டு முடியும் விளிம்பில் கடல் திடீரென்று ஆழம், இழுப்பும் உண்டு. வெயில் நம் ஊரைவிட நேராக இறங்கும்; முதுகை மூடும் சட்டை களிம்பைவிட நல்லது.

அந்தப் பவளம் பாடுபட்டு நிற்கிறது. 1998-இல் கடல் சூடேறி ஆழமில்லாத இடத்துப் பவளத்தில் மிகப் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. மெல்லத் தேறி வந்தபோது 2016-இல் மறுபடியும் அடி. 2004 சுனாமியில் கந்தொளுதூ என்ற தீவு முழுவதும் வாழத் தகுதியற்றதாகி, ஊரையே பின்னால் துவாஃபரு தீவுக்கு மாற்றினார்கள். கடல்மட்டம் உயர்வதை உலகுக்குக் காட்ட 2009 அக்டோபரில் அமைச்சரவையே மூச்சுக்கருவியோடு தண்ணீருக்கடியில் கூடியது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் குழாய் வறண்டது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. சுற்றிலும் கடல் இருந்தும் அங்கே நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்று அறையில் குழாயைத் திறக்கும்போது நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு 'மஸ் ஹுனி'யை விடாதீர்கள். சூரைத்துண்டு, துருவிய தேங்காய், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை எல்லாம் கையால் பிசைந்து 'ரொஷி' என்ற மெல்லிய ரொட்டியோடு காலையில் தருவார்கள். மீன் சாப்பிடாதவர் உங்களில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஊர்த்தீவில் பலகாரத்தில்கூட மீன் இருக்கும். தேநீர்க்கடைக்கு 'ஸாய் ஹோட்டா'. ஸாய் என்றால் தேநீர், ஹோட்டா நம் ஓட்டல்தான். மாலை நாலரைக்கு மேல் போங்கள். தட்டில் 'ஹெதிகா' பரப்பி வைப்பார்கள்: மீனும் தேங்காயும் பொதிந்த உருண்டை 'குல்ஹா', சமோசா போன்ற 'பஜியா'. எடுத்ததற்கு மட்டும் காசு. குடித்து முடித்ததும் மெல்லிசாகச் சீவிய பாக்கும் வெற்றிலையும் கிராம்பும் கிடைக்கும்.

பிறகு கரைக்கு வாருங்கள். எல்லா ஊர்த்தீவிலும் தண்ணீரைப் பார்த்தபடி 'ஜோலி' போட்டிருப்பார்கள். இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய இருக்கை, உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி வாங்கிக்கொள்ளும். பெரியவர் யாராவது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். சலாம் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, இது என்ன நக்கை என்று கேளுங்கள். ஹுவன் என்பார். எங்கள் ஊரில் இதைத் திருவோணம் என்போம் என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவர் உங்களைச் சீக்கிரம் எழுந்து போக விடமாட்டார்.